சம்பந்தி வீட்டு டிரம் சாண்டர்

போடி
4 ஜூன் 2025

அன்பு மகள் பொற்கொடிக்கு அப்பா முனியசாமி எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, கடை வாசலில் படுத்திருக்கும் நாய் எல்லோரும் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். நானும் கேட்டதாக வைத்துக்கொள். உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று சொன்னவன் சொன்னவன்தான். எப்படியும் குரங்கணிக்கு மேலே உன் வீட்டில் பாறை ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி என் கோபத்தைக் கேட்கப் பாறை ஏற வேண்டாம். கடிதம் எழுதுவது பேசுவதில் சேராது என்று உன் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். மாப்பிள்ளை அருள்பாண்டி ஜீப்பில் லோடு ஏற்ற வந்தால் கொடுத்தனுப்புவேன்.

விஷயம் இதுதான். நானும் ஒரு டிரம் சாண்டர் வாங்கிவிட்டேன்.

அந்த ‘நானும்’தான் உனக்குப் புரியுமே. போன மாதம் உன் வீட்டுக்கு வந்தபோது உன் மாமனார் சுருளி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவருடைய பட்டறையில் டிரம் சாண்டர் போட்டுத் தேய்த்த சாப்பாட்டு மேசை மேல் வைத்தாரா இல்லையா? “தடவிப் பாருங்க சம்மந்தி. ஈ உக்காந்தா வழுக்கி விழுந்துரும்.” தடவினேன். என் வயிறு எரிந்த எரிச்சலில் அங்கேயே ஒரு பானை சோறு வடித்திருக்கலாம். “பாலிஷ் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றேன். “பாலிஷே போடல சம்மந்தி, வெறும் மரம்” என்றார். அதற்கு மேல் ஒரு மனிதன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அதோடு விட்டாரா? “பேரப்பிள்ளைக்குத் தொட்டில் இங்கனயே செஞ்சிருவோம், நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க” என்றார். தலைப்பிள்ளைக்குத் தொட்டில் பெண் வீட்டுச் சீர். அதுவும் பெண்ணைப் பெற்றவன் மர வேலை செய்கிறவன். அவனைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? நீயாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். “இங்க நல்லா வரும்ப்பா” என்றாய். அன்றைக்கு வாயை மூடியவன்தான் நான்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கொண்டு வந்தேன். உன் மாமனாருடையதை விட அகலம். உப்புத்தாள் சுற்றிய உருளை மேலே சுழலும், அடியில் பெல்ட்டு ஓடும். இந்தப் பக்கம் பலகையைக் கொடுத்தால் பெல்ட்டு இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் வழவழவென்று துப்பும். துப்ப வேண்டும். என்னுடையது கோடு கோடாக, அணில் முதுகு மாதிரி துப்புகிறது. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் சன்னம். நடுநடுவே கருகல் வேறு. தொட்டிலுக்கு வாங்கிய பலாப் பலகையை இன்னும் அதில் விடவில்லை. பயம்.

உன் மாமனார் எப்படிச் செய்கிறார் என்று மெதுவாகக் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே. சொன்னால் அடுத்த கடிதம் உனக்கு வராது.

அப்பா

*

மேட்டுப் பட்டறை, குரங்கணி
9 ஜூன் 2025

அப்பாவுக்கு,

கடிதம் பூண்டு மூட்டைக்கு அடியில் இருந்து வாசத்தோடு வந்து சேர்ந்தது. இங்கே மழை. நான் நன்றாக இருக்கிறேன். கேட்டதாக வைத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் சன்னமானால் உருளை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். ஒரே கட்டையில் அறுத்த, ஒரே உயரமுள்ள இரண்டு துண்டுகளை உருளையின் இரண்டு முனைக்கும் அடியில் வையுங்கள். மெதுவாக இறக்கினால் ஒரு பக்கம் முதலில் தொடும். இரண்டும் சேர்ந்து தொடும் வரை பக்கவாட்டு போல்ட்டைத் திருக வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகாதீர்கள். நீங்கள் திருகுவீர்கள்.

கோடு வருவது உப்புத்தாளால். ரிப்பன் மாதிரி சுற்றும்போது ஓரத்தின் மேல் ஓரம் ஏறக்கூடாது, பக்கத்தில் பக்கம் படுக்க வேண்டும். ஏறின இடம் மேடு, அந்த மேடுதான் பலகையில் கோடு. கருகல், நீங்கள் ஒரே ஓட்டத்தில் நிறையக் கடிக்க விடுவதால். கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள், இன்னும் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள். பலாவில் பிசின் அதிகம், தாளில் அப்பிக்கொள்ளும். தேய்ந்த ரப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி ஒரு நீளக் கட்டையில் ஆணியடித்து, ஓடும் உருளையில் லேசாகக் காட்டினால் பிசினை இழுத்துக்கொள்ளும். பலகை உள்ளே இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் பெல்ட்டை நிறுத்தாதீர்கள். நின்ற இடத்தில் குழி விழும்.

இவ்வளவுதான். இப்போது நான் ஒன்று கேட்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை கடைக்கு வந்தபோது மெஷின் முன்னால் ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாளாமே? எந்த ஈஸ்வரி? என்னோடு பத்தாவது படித்து, என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதின அந்த ஈஸ்வரியா? நான் இழைப்பு மெஷினைத் தள்ளி நின்று பார்த்தால்கூட “போ ஆத்தா, கை போயிரும்” என்று வீட்டுக்கு விரட்டினீர்கள். ஈஸ்வரிக்கு மட்டும் கை இரும்பில் செய்ததா?

பொற்கொடி

*

போடி
16 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

உன் மாமனார் சொன்னபடி எல்லாம் செய்தேன். அவர் சொன்னது என்று நினைக்கும்போதெல்லாம் போல்ட்டு கையில் வழுக்கியது, ஆனாலும் செய்தேன். கோடு போய்விட்டது. உன் அம்மாவின் செருப்பைத்தான் வெட்டினேன். தேய்ந்தது என்று நான் நினைத்தேன், அவள் அப்படி நினைக்கவில்லை. மூன்று வேளையாகச் சோற்றில் உப்பில்லை.

ஈஸ்வரி அதே ஈஸ்வரிதான். இப்போது ஏலக்காய் சீசன் இல்லை, தரம் பிரிக்கும் கடைகளில் சோலி குறைவு. “பெரியப்பா, எனக்கு எதாச்சும் வேல குடுங்க” என்று வந்து நின்றாள். ஆயிரம் காயில் ஒரு சொத்தையைக் கண்ணால் பிடிக்கிறவள். பலகையை வெளிச்சத்தில் சாய்த்து, “இங்கன ஒரு கீறல் கெடக்கு பெரியப்பா” என்பாள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. அதனால் வைத்துக்கொண்டேன். அவள் கை அவளுடையது, அவள் அப்பனுக்குக் கவலை. உன் கை என்னுடையதாக இருந்தது.

சரி, அதை விடு. தொட்டில் பலகையை மெஷினுக்குள் விட்டுவிட்டேன், பிரச்சினை அதில்தான். இரண்டு ஓரமும் கருகுகிறது, நடுவில் தாள் தொடவே இல்லை. தரையில் வைத்தால் தொட்டிலுக்கு முன்னால் பலகையே ஆடுகிறது. உருளை நடுவில் தேய்ந்திருக்குமோ? கோயம்புத்தூர்க்காரன் ஏமாற்றிவிட்டானோ? பலகையைக் குறை சொல்ல முடியாது. ஈரமாக இருக்கிறதே, உன் மாமனார் முந்திவிடுவாரே என்று நான் ஒரு வேலை செய்தேன். நம்ம சின்ராசுவின் ஏலக்காய் ட்ரையர் இப்போது சும்மாதானே கிடக்கிறது? காய் அடுக்கும் தட்டை எல்லாம் உருவிவிட்டுப் பலகையை உள்ளே அடுக்கி அடுப்பைப் போட்டாயிற்று. ஒரே வாரம். பிஸ்கோத்து மாதிரி காய்ந்துவிட்டது. ஏலக்காய் வாசம் வேறு! பிள்ளை படுத்தால் பாயசத்துக்குள் படுத்த மாதிரி இருக்கும். இந்த மூளை உன் மாமனாருக்கு வருமா?

இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேள். நடுவில் ஏன் தொடவில்லை?

அப்பா

*

மேட்டுப் பட்டறை, குரங்கணி
20 ஜூன் 2025

அப்பா,

ட்ரையர் பகுதியைப் படித்துச் சிரித்ததில் பிள்ளை உதைத்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. எவ்வளவு நல்ல பலகை!

உருளையில் தப்பில்லை. ஏலக்காய்க்குத் தோல் உண்டு, சுருங்கினால் அழகு. ஈரப் பலகையை அந்தச் சூட்டில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் தாம்பாளம் மாதிரி குழிந்துவிடும். குழிந்த பக்கத்தை மேலே வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், ஓரம் மட்டும் உரசிக் கருகுகிறது. எந்த மெஷினாலும் அதை நிமிர்த்த முடியாது. நீளவாக்கில் சட்டம் சட்டமாக அறுங்கள். வெடித்ததைத் தள்ளுங்கள். மிச்சத்தைக் காற்றுப் போகிற மாதிரி இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் ஒரு மாதமாவது சும்மா விடுங்கள். அப்புறம் ஒன்று மல்லாக்க, ஒன்று குப்புற என்று மாற்றி மாற்றி ஒட்டினால் ஒன்றின் வளைவை மற்றது பிடித்துக்கொள்ளும்.

“மாமனாரைக் கேள், மாமனாரைக் கேள்” என்று எழுதுகிறீர்கள். மாமாவுக்குத் தெரியாது அப்பா. அவருக்கு அந்த மெஷின் என்றால் பயம். வாங்கி மூன்று மாதம் கோணி போட்டு மூடி வைத்திருந்தார். அதோடு வந்த புத்தகத்தைப் படித்து, பத்துப் பன்னிரண்டு பலகையைக் கெடுத்து, நான்தான் ஓட்டினேன். நீங்கள் தடவின மேசை நான் செய்தது. “நான் செஞ்சேன்” என்று மாமா சொன்னாரா? யோசித்துப் பாருங்கள். “தடவிப் பாருங்க” என்றுதான் சொன்னார். யார் செய்தது என்று நீங்கள் கேட்பீர்கள் என்று அவர் காத்திருந்தார். காப்பித் தட்டோடு பின்னால் நின்று நானும் காத்திருந்தேன். நீங்கள் பாலிஷைப் பற்றிப் பேசினீர்கள்.

“இங்க நல்லா வரும்ப்பா” என்றதும் அதனால்தான். தொட்டிலை நான் செய்வதாக இருந்தேன்.

இப்போது அதுவும் இல்லை. தூசி ஆகாது என்று அத்தை பட்டறைப் பக்கமே விடுவதில்லை. மாமாவே தொட்டிலை ஆரம்பித்துவிட்டார். பெல்ட்டு தொய்ந்து, பலகை முழுக்க அலை அலையாக வருகிறது. ஜன்னலுக்கு வெளியே நின்று நான் கத்துகிறேன், மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்பதில்லை. நேற்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்: “ஏத்தா, ஒங்கப்பா மெஷினு அகலமாமுல்ல. தொட்டிலு எந்த மட்டுல இருக்குன்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லீறாத.”

நான் என்ன, உங்கள் இரண்டு பேருக்கும் ஒற்றன் வேலை பார்க்கவா வாக்கப்பட்டேன்?

ஈஸ்வரிக்குக் கண் நல்ல கண் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

பொற்கொடி

*

போடி
27 ஜூன் 2025

என் ஆத்தா பொற்கொடி,

கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். அந்த இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் பசை டப்பா இருந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொண்டேன். பெற்ற மகள் செய்த மேசையைப் பார்த்து வயிறு எரிந்த ஒரே அப்பன் இந்தத் தேனி ஜில்லாவிலேயே நான்தான்.

டீக்கடையில் சொன்னேன். வங்கியில் சொன்னேன். ராசிங்காபுரத்தில் இருந்து கதவு கேட்டு வந்தவரிடம் அவர் கதவைப் பற்றிச் சொல்லும் முன் நான் மேசையைப் பற்றிச் சொன்னேன். உன் அம்மா, “அது எனக்கு ஆறு மாசமாத் தெரியும்” என்றாள். அவளிடம் சொல்லியிருக்கிறாய்! சரி, அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் வரைதான் சந்தோஷம். அப்புறம் கணக்குப் போட்டேன். உன் பத்து விரலையும் பொத்திப் பொத்திக் காத்தவன் நான். காத்த விரலை முழுசாகக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் கொடுத்தேன். அவர்கள் அதை மெஷின் முன்னால் வைத்து மேசை செய்து என்னையே தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த நியாயத்தை எந்தப் பஞ்சாயத்தில் சொல்ல?

உன் மாமனாருக்கு அலை வருகிறது என்று படித்ததும் எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுதினால் உனக்கு என் மேல் மரியாதை போய்விடும். “உருளையை நல்லா இறக்கி, ஒரே ஓட்டமா ஓட்டச் சொல்லு” என்று முதலில் ஒரு வரி எழுதினேன். அதைத்தான் மேலே அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், பிடிக்காதே. அவரிடம் இதைச் சொல்: பெல்ட்டை இழுத்துக் கட்டச் சொல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொல். நீ கத்தினதும் இதைத்தான் என்று தெரியும். நான் சொன்னதாகச் சொன்னால் கேட்பார். நீ சொன்னதாகச் சொன்னால் எனக்குப் பெருமை. எது உனக்குச் சௌகரியமோ அதைச் சொல்.

என் தொட்டில் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டால், “பிரமாதமா வருது” என்று சொல். சட்டம் சட்டமாக அறுத்துக் குச்சி வைத்து அடுக்கியாயிற்று. பாதி வெடித்தது, அடுப்புக்குப் போயிற்று. அதைச் சொல்லாதே.

இன்னொன்று. ஈஸ்வரியைப் பற்றி நீ எழுதிய ‘சந்தோஷம்’ என்ற வார்த்தையை நான்கு முறை படித்தேன். சந்தோஷமாகத் தெரியவில்லை.

அப்பா

*

மேட்டுப் பட்டறை, குரங்கணி
2 ஆகஸ்ட் 2025

அப்பா,

அவசரம். உங்கள் பெயரைத்தான் சொன்னேன், கேட்டார், பெல்ட்டை இழுத்துக் கட்டினார். இரண்டு பலகை நன்றாக வந்தது. மூன்றாவது ஓடும்போது வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் புகைந்துவிட்டது. இந்த மழையில் ரிப்பேர் பார்க்கிற ஆள் மேலே வர மாட்டானாம். மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “ஒங்கப்பா ஜெயிச்சிட்டாருத்தா” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “பலகையைத் தூக்கிக்கிட்டுப் போடிக்குப் போங்க மாமா” என்று நான்தான் சொன்னேன்.

இந்தக் கடிதம் இன்றைய லோடோடு வருகிறது, மாமா நாளைக்கு ஜீப்பில் வருகிறார். உங்கள் கடை, உங்கள் மெஷின். ஓட்டிக் கொடுப்பதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் இஷ்டம். திருப்பி அனுப்பினால் உங்கள் தொட்டில் ஒன்றுதான் தொட்டில். உங்கள் மாப்பிள்ளை வந்து சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

பொற்கொடி

*

போடி
9 ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை பாதிதான் சொல்லியிருப்பார். டீ வாங்கப் போய்விட்டார். முழுசையும் நான் எழுதுகிறேன்.

ஜீப் மேலே கம்பளியில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, பச்சைப் பிள்ளையை இறக்குகிற மாதிரி பலகையை இறக்கினார் உன் மாமனார். நான் பொட்டிபுரத்துக்கு ஒரு சோலியாகக் கிளம்புகிற மாதிரி சட்டையெல்லாம் போட்டுத் தயாராக நின்றேன். போயிருந்தால் திருப்பி அனுப்பின பாவம் என்னைச் சேராது. கடை பூட்டியிருந்த பாவம் பூட்டுக்குத்தான். அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

“வாங்க சம்மந்தி.”

“வந்துட்டேன் சம்மந்தி. மெஷினு பெருசுதான்.”

“பெருசெல்லாம் இல்ல. ஒங்களுத விட அகலம் கொஞ்சம் கூட.”

அந்தக் ‘கொஞ்சம் கூட’ சொன்னதில் எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

அவருடைய பலகையில் இருந்த அலையை எடுக்க எடுக்க, கீழே இன்னும் அலை. தலைப்பலகையும் கால்பலகையும் தடிமனாக இருந்ததால் பிழைத்தன. பக்கப் பலகை இரண்டும் அப்பளம் ஆகிவிட்டன, கையில் எடுத்தால் வளைகின்றன. அவர் அவற்றைக் கீழே வைத்துவிட்டு என் சரக்கைக் காட்டச் சொன்னார். வெடித்தது போக எனக்கு மிஞ்சியது அடிப்பலகை ஒன்று, பக்கத்துக்குக் கம்பி மாதிரி நிறுத்த நாலைந்து சட்டம். தலையும் இல்லை, காலும் இல்லை. “பிரமாதமா வருதுன்னு ஒங்க மக சொல்லுச்சே” என்றார். “வந்துச்சு. அடுப்புக்குப் போயிருச்சு” என்றேன்.

இரண்டு பேரும் இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஈஸ்வரி துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றவள் துணியை இறக்கிவிட்டுச் சொன்னாள்: “பெரியப்பா, அவருகிட்ட அரத் தொட்டிலு, ஒங்ககிட்ட அரத் தொட்டிலு. இதுக்கா இம்புட்டு நாளா ரெண்டு பேருக்கும் வயிறு எரிஞ்சுச்சு?”

இரண்டையும் சேர்த்து ஒரே தொட்டில் என்று முடிவு செய்துவிட்டோம். தலையும் காலும் அவர், அடியும் பக்கமும் நான். பிள்ளை படுப்பது அடிப்பலகையில்தான் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

மெஷினில் ஓடி வந்த பலகையை அவர் தடவினார். “கண்ணாடி கெட்டுது போங்க” என்றார். நான் விட்டிருக்கலாம். விடவில்லை. “எல்லாம் எம் மக சொல்லிக் குடுத்தது” என்றேன்.

“எம் மருமக சொல்லிக் குடுத்தது.”

“எனக்குப் பொறந்தப்புறந்தான சம்மந்தி ஒங்களுக்கு மருமக?”

“பெத்தது நீங்கதான், யாரு இல்லங்குறா? மெஷினு முன்னாடி நிக்க விட்டது நாங்க.”

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அதையேதான் யோசிக்கிறேன்.

தொட்டிலை இன்னும் பூட்டி நிறுத்தவில்லை. கடைசி நைஸ் தாள் ஓட்டம் பாக்கி இருக்கிறது. ஈஸ்வரி தாளைச் சுற்றி வைத்துவிட்டாள். ஓரம் ஏறாமல் நன்றாகத்தான் சுற்றியிருக்கிறாள். நாளை நாளை என்று நான்தான் தள்ளிப்போடுகிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆவணி பிறந்ததும் வளைகாப்புக்கு வந்து உன்னைக் கூட்டிவருகிறோம். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொல். நான் பேச்சுக்குக் கேட்கவில்லை. நீ அந்த வீட்டு ஆளா, இந்த வீட்டு ஆளா? எது சொன்னாலும் சண்டை போட மாட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அப்பா

*

மேட்டுப் பட்டறை, குரங்கணி
13 ஆகஸ்ட் 2025

அப்பா,

மாமாவும் வந்து இதையேதான் கேட்டார். நீங்களும் அவரும் எங்கேயாவது உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது.

வளைகாப்பு முடிந்ததும் வருகிறேன். தூசிக்குள் வர மாட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். ஓட்டுவதை ஈஸ்வரி ஓட்டட்டும். மறுபக்கம் வரும் பலகையை நீங்கள் வாங்குங்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டாமல் ஒரு பலகையும் தொட்டிலில் ஏறக்கூடாது. பிள்ளை பிறந்து நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மெஷின் முன்னால் யார் நிற்பது என்று ஈஸ்வரியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அப்புறம் வருத்தப்படக்கூடாது.

தாள் சுற்றுவதில் தூசி இல்லை. அதனால், அவள் சுற்றி வைத்திருப்பதைக் கழற்றிவிடுங்கள். நன்றாகச் சுற்றியிருந்தாலும் கழற்றிவிடுங்கள். நான் வந்து சுற்றுகிறேன்.

பொற்கொடி